டெல்லி கணேஷும் நான் கொடுக்காத மனுவும்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. காலையில் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி கைப்பேசியை நீட்டினாள். "இதப் பாருங்க, நம்ம சமையல்காரரு போயிட்டாராம்." யாரைச் சொல்கிறாள் என்று முதலில் புரியவில்லை. பார்த்தால் டெல்லி கணேஷ். முந்தின நாள் இரவு சென்னையில் காலமாகிவிட்டார். வயது 80.

எங்கள் வீட்டில் அவருக்குச் 'சமையல்காரர்' என்றுதான் பெயர். 1990இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டு மணி ஐயராக நடித்தாரே, அதிலிருந்து அப்படித்தான். கமலஹாசன் அந்தப் படத்தில் நான்கு வேடம் போட்டார். ஆனால் சாம்பாரில் மீன் விழுந்த கல்யாணக் காட்சி வந்தால் என் மனைவி மணி ஐயரின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

அவரைப் பற்றி அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டிவரும். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் அவர் கதை. நெல்லைச் சீமையில் வல்லநாட்டுக்காரர். 1964 முதல் 1974 வரை பத்து வருடம் இந்திய விமானப் படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா என்ற குழுவில் நடித்துக்கொண்டிருந்தார். படையை விட்டுச் சென்னைக்கு வந்த பிறகு காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் மேடையேறினார். விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தில் அவரைப் பார்த்த கே. பாலசந்தர், அதைப் படமாக எடுத்தபோது அவரையும் சேர்த்துக்கொண்டார். படம் 1977இல் வந்தது. கணேசனை 'டெல்லி கணேஷ்' ஆக்கியவரும் பாலசந்தர்தான்.

இரண்டு வருடம் கழித்து, 1979இல், துரை இயக்கிய 'பசி' வந்தது. சென்னைக் குடிசைப் பகுதியின் கதை. ஷோபாவின் அப்பாவாக, ரிக்‌ஷாக்காரராக டெல்லி கணேஷ் நடித்தார். ஷோபாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. இவருக்குத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. அப்போது இவருக்கு வயது 35. வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தகப்பன் வேடம்! சினிமாவுக்கு வந்து இரண்டே வருடம் ஆன மனிதர், 'எனக்கு இன்னும் அந்த வயசு ஆகலியே' என்று தயங்காமல் போட்டுக்கொண்டார். இந்த 35 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நானூறு படங்களுக்கு மேல். எனக்குப் பிடித்தது 1985இல் வந்த 'சிந்து பைரவி'. அதில் அவர் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குடிப்பழக்கம் உள்ளவர். ஜே.கே.பி.யாக வரும் சிவகுமார் அவரை ஒதுக்கிவிட்டு மிருதங்கம் இல்லாமலே கச்சேரி செய்வார். பின்னால் அதே ஜே.கே.பி. குடிக்கு அடிமையாகித் தெருவுக்கு வருவார். முதலில் குருமூர்த்தியின் அவமானம் நம் மனதில் தைத்திருந்தால்தான் ஜே.கே.பி.யின் வீழ்ச்சி உறைக்கும். கச்சேரியில் மட்டுமல்ல, கதையிலும் டெல்லி கணேஷ் பக்கவாத்தியம்தான். பக்கவாத்தியம் சரியில்லை என்றால் பாட்டு எடுபடுமா?

'நாயகன்' படத்தில் வேலு நாயக்கர் கூடவே இருக்கும் ஐயர். 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லன்களில் ஒருவர். 'அவ்வை சண்முகி'யில் ஜெமினி கணேசன் வீட்டில் வளையவரும் சேதுராம ஐயர். ரிக்‌ஷாக்காரரின் மெட்ராஸ் பாஷை, மணி ஐயரின் பாலக்காட்டுத் தமிழ், இரண்டும் ஒரே நெல்லைக்காரரின் வாயிலிருந்து வந்தவை. சன் டிவியில் ராதிகாவின் 'செல்லமே' தொடரில் தினமும் எங்கள் கூடத்துக்கு வந்துபோனார். 2016இல், பேட்மேன் சென்னைக்காரராக இருந்தால் எப்படி இருக்கும் என்று சில இளைஞர்கள் இணையத்துக்கு எடுத்த குறும்படத்தில் ஆல்ஃப்ரெட் ஆக வந்தார். எழுபது வயதுக்கு மேல்! அதை என் பேரன் எனக்குக் காட்டி, "தாத்தா, இவரு எல்லாத்துலயும் வராரே, யாரு இவரு?" என்று கேட்டான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பாகூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன் நான். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். துரியோதனன் கிரீடம் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்பான். கட்டியக்காரன் வந்து அவனை யார், எவர் என்று விசாரித்தால்தான் ராஜா ராஜாவாக வெளியே வர முடியும். பகலில் எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர்தான் இரவில் கட்டியக்காரன். நாங்கள் பிள்ளைகள் அவருக்காகத்தான் தூங்காமல் விழித்திருப்போம். ஆனால் மறுநாள் விளையாடும்போது எல்லோருக்கும் துரியோதனன் வேடம்தான் வேண்டும். கட்டியக்காரனாக இருக்க யாரும் ஒப்ப மாட்டோம். நானும்தான்.

பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளி. மோலியேர் எழுதிய 'ல மாலாத் இமாஜினேர்' நாடகத்தை வகுப்பில் போட்டோம். தன்னை நோயாளி என்று நினைத்துக்கொள்ளும் ஆர்கான் என்பவனின் கதை. 1673இல் மோலியேர் அந்த வேடத்தில் நடித்த அன்று இரவே இறந்துபோனார். ஆர்கான் வேடம் கேட்டேன். ஆசிரியர் எனக்குக் கொடுத்தது உயில் எழுத வரும் நொத்தேர் வேடம். ஒரே காட்சி. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவர் கேட்டார்: "ஆர்கான் பேசும்போது நீ என்ன செய்கிறாய்?" "சும்மா நிற்கிறேன், மிஸ்யே." "அதுதான் தப்பு. கேட்டுக்கொண்டு நில். நீ கேட்டால்தான் சபையும் கேட்கும்." அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை.

1973இல் அரசு வேலையில் எழுத்தராகச் சேர்ந்தேன். 1978இல் அலுவலக ஆண்டு விழாவில் ஒரு நாடகம். எனக்கு ஒரு கிழட்டு வேலைக்காரன் வேடம். சபை சிரித்தது, கைதட்டியது. பார்க்க வந்திருந்த அமெச்சூர் குழுக்காரர் ஒருவர் மறுநாள் என்னைத் தேடி வந்தார். சனி, ஞாயிறு ஒத்திகை. புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆடலாம். முடிந்தால் சென்னைக்கும் போகலாம் என்றார். அரசு ஊழியன் வெளியே நடிக்க வேண்டுமானால் துறையின் அனுமதி வேண்டும். அன்று மாலையே மனு எழுதினேன். நல்ல கையெழுத்தில், இரண்டு பிரதி.

அப்பாவிடம் சொன்னேன். "சர்க்கார் உத்தியோகம் பாக்கறவன் இன்னாத்துக்குடா கூத்தாடப் போற?" என்றார். கோபமாகக்கூட இல்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

மனுவை நான் கொடுக்கவில்லை. அந்தக் குழுக்காரரிடம், "டிபார்ட்மெண்டுல பர்மிஷன் கிடைக்கல" என்றேன். நண்பர்களிடமும் அதையே சொன்னேன். கல்யாணமான பிறகு மனைவியிடமும் அதையே சொன்னேன். நாற்பது வருடத்துக்கு மேல் சொல்லிச் சொல்லி, எனக்கே அது உண்மைபோல ஆகிவிட்டது. நடிகனாக வேண்டியவனைச் சர்க்கார் கெடுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகமும் இருந்தது.

அப்பாவுக்குப் பயந்து நிறுத்தினேன் என்றும் சொல்ல முடியாது. உண்மைக் காரணம் வேறு. குழுக்காரர் எனக்குத் தருவதாகச் சொன்னதும் கிழவன் வேடம்தான். 'அந்த முகவெட்டு உங்களுக்கு இருக்கு' என்றார். எனக்கு வயது 27. கதாநாயகன் என்றால் ஒருவேளை மனுவைக் கொடுத்திருப்பேன். கிழவனுக்காக ஏன் மேலதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும் என்று அதை டிராயரில் போட்டுவிட்டேன். அடுத்த வருடம் 'பசி' பார்த்தேன். 35 வயதுக்காரர் தகப்பனாக நிற்கிறார். படம் முடிந்து வெளியே வந்தபோது என்னோடு வந்தவர்கள் எல்லோரும் அழுத கண்ணோடு ஷோபாவைப் பற்றிப் பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வில்லியனூர், பாகூர், புதுச்சேரி என்று மாறி மாறி வேலை பார்த்தேன். கோப்பில் குறிப்பு எழுதுவது நான். கையெழுத்துப் போடுவது அதிகாரி. இடது பக்கம் கீழே மூலையில் என் சுருக்கொப்பம். முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம் என்று எத்தனையோ பேருடைய காரியம் அந்தக் குறிப்பினால் நடந்தது. நினைத்துப் பார்த்தால் வேண்டாம் என்று ஒதுக்கிய வேடத்தைத்தான் ஓய்வு பெறும்வரை போட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதை வேடம் என்று மதித்துச் செய்யவில்லை. 'நான் இங்கே இருக்க வேண்டியவனே இல்லை' என்ற எண்ணத்தோடு பாதி நாள் சும்மா நின்றேன். மிஸ்யே சொன்ன தப்பு அதுதான்.

டெல்லி கணேஷ் உடலுக்கு விமானப் படையினர் வந்து மரியாதை செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். விட்டு வந்து ஐம்பது வருடம் ஆன வேலை! அப்போது மனைவியிடம் சொன்னேன். "அந்த மனுவ நான் குடுக்கவே இல்ல."

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். டிரங்குப் பெட்டியில ரெண்டு காப்பியும் அப்படியே கெடக்குதே. ஆபீசுல குடுத்திருந்தா ஒண்ணாவது அங்க போயிருக்குமில்ல?"

எத்தனை வருடமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அன்று இரவு 'சிந்து பைரவி' போட்டார்கள். இருவரும் கடைசிவரை பார்த்தோம். ஜே.கே.பி. பாடும்போது நான் குருமூர்த்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.