வாழைக்குப் போன தண்ணீர்

மேனாம்பேட்டில் நீச்சல் குளம் வைத்துக்கொள்ளும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் அந்தக் குளங்களில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மணல் வடிகட்டி இருக்கிறதே, அதற்குத் தம்பி முறையில் ஒன்று எங்கள் கொல்லையில் நிற்கிறது. ஆழ்குழாய்த் தண்ணீர் வரும்போது பளிங்குதான். காற்றுப் பட்டால் காவி கட்டிவிடும். அதில் கரைந்திருக்கும் இரும்பு செய்கிற வேலை அது. அவருடைய வெள்ளை வேஷ்டிகளெல்லாம் சந்நியாசம் வாங்கிக்கொள்ளப் பார்த்ததால்தான் வடிகட்டி வந்தது. உருளையான தொட்டி, உள்ளே மணலும், இரும்பைப் பிடித்துவைக்கும் கறுப்புக் குறுணையும், தலையில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் திருப்பிவிட்டால் தண்ணீர் கீழிருந்து மேலே பாய்ந்து, கசடை அலசி வெளியே தள்ளும்.

சென்ற மாதம் அதன் கழுத்திலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது.

"போனால் என்ன, வாழைக்குத்தானே போகிறது?" என்றார் அவர், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

நான் ஒரு டம்ளரை அடியில் பிடித்தேன். 200 மில்லி டம்ளர், ஒரே நிமிஷத்தில் நிறைந்தது. மோட்டார் தினம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. அப்படியானால் நாளுக்கு 24 லிட்டர். மாதத்துக்கு 720 லிட்டர். கடையில் வாங்கும் கேனில் 20 லிட்டர்தான்!

என் மாமியாருக்குக் கணக்கே வேண்டியிருக்கவில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் அநேகமாக வறண்டுபோயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 டாங்கர் வண்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி, நம் அம்பத்தூர் வழியாகத்தான் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கோடையில் லாரிக்காகக் குடத்தோடு விடியற்காலையில் தெருமுனையில் நின்றவர் அவர்.

"வாழைக்கு அரிசி களைந்த தண்ணீர் போதும். இதை நிறுத்தப் பாரம்மா" என்றார்.

வந்து பார்த்த குழாய்க்காரர், தலைப்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டுமென்று ஒரு பெரிய தொகை சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் பிறந்துவிட்டது!

முதலில் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். மேலெல்லாம் துணியால் ஒற்றி, மூட்டுகளில் கோலமாவைத் தூவி மோட்டாரைப் போட்டோம். குழாய் மரைகளில் மாவு உலர்ந்தே இருந்தது. கழுத்துப் பட்டையின் ஓரத்தில் மட்டும் நனைந்தது. ஆகவே குற்றவாளி தலைப்பாகம் அல்ல, அதன் அடியில் இருக்கும் ரப்பர் வளையம்.

மோட்டாரை நிறுத்தி, மேல் தொட்டிக்குப் போகும் வால்வையும் மூடி, உள்ளே இருந்த அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுப் பட்டையைக் கழற்றினேன். வளையம் தட்டையாகி வெடித்திருந்தது. அதையே மாதிரிக்குக் கொண்டுபோய்க் கடையில் புதிது வாங்கினேன். செலவு ஒரு முழம் மல்லிகைப் பூவுக்கு ஆகிற காசு.

"தேங்காயெண்ணெய் தடவேன், வழுக்கிக்கொண்டு உட்காரும்" என்றார் மாமியார்.

"வேண்டாம், அத்தை. எண்ணெய் பட்டால் சில ரப்பர் ஊதிப்போகும். இதற்கென்று சிலிக்கான் கிரீஸ் இருக்கிறது" என்றேன்.

பள்ளத்தில் ஒரு மணல் துணுக்குகூட இல்லாமல் துடைப்பதுதான் முக்கியம். ஒரு துணுக்கு இருந்தாலும் அதன் வழியே மறுபடி கசியும். துடைத்து, வளையத்தைப் பதித்து, பட்டையின் இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினேன். மோட்டாரைப் போட்டதும் மாமியார் மறுபடி கோலமாவு தூவினார். மாவு உலர்ந்தே இருந்தது.

இந்த வடிகட்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பவே கூடாது; உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிடும். அப்படிக் கிழிந்தால் கழிவுக் குழாயில் சதா தண்ணீர் ஒழுகும். எங்கள் வீட்டில் இதைச் சுவிட்சுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறது. யாருக்காக என்று நான் சொல்லப் போவதில்லை.

வாழைக்கு இப்போது அரிசி களைந்த தண்ணீர்தான். அது கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. போன வாரம் குலை தள்ளியிருக்கிறது.