நேர் கேபிளா, குறுக்குக் கேபிளா?

நேற்று ஒரு கலையரங்கில் ஒலியமைப்பு வேலை. ஒலியைச் சீர்செய்யும் பழைய டிஎஸ்பி பெட்டியை லேப்டாப்போடு இணைக்க வேண்டும். பெட்டியின் பின்னால் ஒன்பது பின் சீரியல் போர்ட் மட்டும்தான். கேபிளைச் செருகினால் சாஃப்ட்வேர் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவரை மாற்றினேன். பாட் ரேட்டை 9600, 19200, 38400 என்று மாற்றினேன். இரண்டு மணி நேரம் போயிற்று.

கடைசியில்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். ஆர்எஸ்-232 போர்ட்டில் 5ஆம் பின் கிரவுண்ட். அனுப்பும் பின்னில், எதுவும் அனுப்பாதபோதும், பெரும்பாலும் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் இருக்கும். லேப்டாப்பில் செருகிய சீரியல் அடாப்டரில் அது 3ஆம் பின். பெட்டியிலும் அதே 3! இரண்டு பேரும் ஒரே கம்பியில் பேசினால் கேட்பது யார்? 2ஐயும் 3ஐயும் குறுக்கே மாற்றிய நல் மோடம் (null modem) கேபிள் போட்டதும் உடனே இணைந்தது. முதலில் போட்டது நேர் கேபிள்; பார்வைக்கு இரண்டு கேபிளும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அடாப்டர் மேல் சந்தேகமா? அதன் 2, 3 பின்களை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, டெர்மினலில் டைப் செய்யுங்கள். அடித்த எழுத்து திரும்பி வந்தால் அடாப்டர் சரி.

ஒன்பது பின் இருப்பதெல்லாம் ஆர்எஸ்-232 அல்ல, சிலவற்றில் ஆர்எஸ்-422 இருக்கும். மேனுவலைப் பார்க்காமல் செருகாதீர்கள்.

ஒலியமைப்பு நண்பர்களே, கேபிளில் நேரா குறுக்கா என்று இன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.