ஒரே ஊர், இரண்டு ரதங்கள்

ஜெர்மனிக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், ஸ்டட்கார்ட் நகருக்கு ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள். திராட்சைத் தோட்டங்கள் படர்ந்த குன்றுகளுக்கு நடுவே, கிண்ணத்துக்குள் வைத்தாற்போல் அமைந்த ஊர். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். நாம் பார்க்கப் போகும் இரண்டு காட்சிசாலைகளுக்கும் அன்று விடுமுறை!

முதலில் மெர்ஸிடிஸ்-பென்ஸ் காட்சிசாலை. லிஃப்டில் உச்சிக்குப் போய், அங்கிருந்து சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். உச்சியில் உங்களை வரவேற்பது காரல்ல, ஒரு குதிரைப் பொம்மை! இறங்கி வரும் வழியில், 1954-ம் வருஷம் வெளிவந்த '300 எஸ்.எல்.' நிற்கிறது. பறவை சிறகு விரிப்பதுபோல் அதன் கதவுகள் மேல்நோக்கித் திறக்கும். அழகுக்காகச் செய்தது என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. பந்தயக் காரிலிருந்து பிறந்த வண்டி அது. கனம் குறைய வேண்டுமென்று மெல்லிய எஃகுக் குழாய்களால் அதன் எலும்புக்கூட்டைக் கட்டினார்கள். குழாய்கள் பக்கங்களில் உயர்ந்து நின்றதால் சாதாரணக் கதவுக்கு இடமில்லாமல் போயிற்று!

புடவை கட்டிக்கொண்டு இதில் ஏறுவது எப்படி என்று கேட்கிறீர்களா? அகலமான விளிம்பில் முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஓட்டுகிறவருக்கு இடைஞ்சல் இல்லாதபடி ஸ்டீயரிங் சக்கரம் மடங்கிக் கொடுக்கும். ஜன்னல் கண்ணாடியை இறக்க முடியாது. வெயில் நாளில் உள்ளே ஒரே புழுக்கம். ஆனால் எஞ்சினோ 215 குதிரைச் சக்தி!

அங்கிருந்து நகர ரயிலில் வடக்கே ஸூஃபன்ஹௌஸன் போனால் போர்ஷே காட்சிசாலை. இங்கே '356' ரகக் கார்களைப் பாருங்கள். அந்தக் குடும்பத்தில், அதே 1954-ல் பிறந்தது 'ஸ்பீட்ஸ்டர்'. உருண்டு திரண்ட சின்ன வண்டி. எஞ்சின் பின்னால் இருக்கிறது. காற்றிலேயே குளிர்வதால் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆரம்ப ரகத்துக்கு 55 குதிரைச் சக்திதான். தாழ்ந்த முன்கண்ணாடி, மெல்லிய துணிக் கூரை. அமெரிக்காவில் விலை 3,000 டாலருக்குள். மெர்ஸிடிஸின் விலையோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே!

இதில் ஒரு வேடிக்கை. இரண்டு கார்களுக்கும் தூண்டுகோலாக இருந்தவர் ஒருவரே. நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை வரவழைத்து விற்ற மாக்ஸ் ஹாஃப்மன்தான் அவர். பந்தயக் காரைச் சாலைக்குக் கொண்டு வரும்படி ஒரு கம்பெனியை வற்புறுத்தினார். விலை குறைந்த திறந்த வண்டி வேண்டுமென்று மற்றொரு கம்பெனியை நச்சரித்தார்.

ஆனால் 1955-ஐ நாம் மறக்கலாகாது. அந்த ஜூன் மாதம், பிரான்ஸில் நடந்த லெ மான் பந்தயத்தில் மெர்ஸிடிஸ் பந்தயக் கார் ஒன்று மற்றொரு காரின் மீது மோதிச் சிதறி ஜனக்கூட்டத்தில் பாய்ந்தது. எண்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த வருஷத்தோடு மெர்ஸிடிஸ் பந்தயங்களிலிருந்து விலகியது. பல பத்தாண்டுகள் திரும்பி வரவில்லை. அதே செப்டம்பரில், ஸ்பீட்ஸ்டர் ஓட்டிப் பழகிய நடிகர் ஜேம்ஸ் டீன், புதிதாக வாங்கிய போர்ஷே பந்தயக் காரில் 24-வது வயதில் உயிரிழந்தார்.

இரண்டில் எது உசத்தி? கண்ணுக்கு விருந்து அந்தச் சிறகுக் கார். கைக்கும் பைக்கும் அடங்கியது இந்தச் சின்ன வண்டி. இரண்டையும் ஆசை தீரப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பும்போது, உங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் அந்த நகர ரயிலின் மீது தனிப் பிரியம் ஏற்பட்டாலும் ஆச்சரியமில்லை!