சாவா மூவாப் பேராடு

பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நன்கொடை திரட்டும் அறக்கட்டளையில் இருபது ஆண்டுக்கு மேல் செயலாளராக இருந்தேன். பணம் கேட்பது என் வேலையில் கால்பங்கு. வாங்கிய பணத்துக்குப் பதில் சொல்வதுதான் மீதி முக்கால்.

என் மேசைக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ இருந்தது. பேரேடு, ரசீது அடிக்கட்டை, வைப்புநிதிப் பத்திரம் எதுவும் அதில் இருக்காது. கொடையாளர்கள் கைப்பட எழுதிய கடிதங்கள் மட்டும்தான். கடிதங்களுக்கென்று தனி பீரோ வேண்டுமென நான் சண்டை போட்டு வாங்கியதற்குக் காரணம் ஓர் ஆசிரியை.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அவர் வந்தார். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். சேமநல நிதியிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய், இளவயதில் இறந்துபோன மகள் பெயரில். கோடு போட்ட தாளில் மணிமணியாக எழுதி வந்திருந்தார்: விடுதியில் தங்கிப் படிக்கும், அப்பா இல்லாத பெண் ஒருத்திக்கு ஆண்டுதோறும் சாப்பாட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். நான் அச்சடித்த படிவத்தை எடுத்து, ‘நோக்கம்’ என்ற இடத்தில் ‘மாணவியர் கல்வி உதவி’ என்று நிரப்பினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“தம்பி, நான் சாப்பாட்டுக்குன்னு எழுதினேனே. நீங்க ஏன் சுருக்கிட்டீங்க?”

படிவத்தில் இடம் அவ்வளவுதான் என்றேன். சொல்லும்போதே அது பதிலல்ல என்று தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து கொடையாளரின் கடிதத்தையே ஒப்பந்தத்தின் முதல் பக்கமாக வைத்துத் தைத்தோம். அதற்குக் கீழே, சங்கடமான கேள்விகளை முன்கூட்டியே கேட்டு, அவர் சொன்ன பதில்களையும் எழுதிக்கொண்டோம். அப்பா இல்லாத பெண் ஒரு வருடம் யாருமே சேரவில்லை என்றால்? வட்டி போதவில்லை என்றால்? அந்தத் துறையையே மூடிவிட்டால்? கொடுக்க வந்தவரிடம் இதையெல்லாம் கேட்பது அபசகுனம் என்று என் உதவியாளர் தயங்குவார். இந்தத் தொழிலின் நுணுக்கமே அந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது என்பேன். கொடையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கேட்காத கேள்வியை, முப்பது ஆண்டு கழித்து அவர் பிள்ளைகள் வழக்கறிஞரோடு வந்து கேட்பார்கள்.

இது மிகைப்பேச்சு இல்லை. 1961இல் சார்லஸ் ராபர்ட்சன், மேரி ராபர்ட்சன் தம்பதியர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு சுமார் மூன்றரைக் கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்தார்கள். அரசுப் பணிக்கு, குறிப்பாக வெளியுறவுப் பணிக்கு, பட்டமேற்படிப்பு மாணவர்களைத் தயார்செய்ய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். பணம் பல மடங்கு பெருகியது. சொன்ன நோக்கத்துக்குச் செலவாகவில்லை என்று 2002இல் அவர்களுடைய பிள்ளைகள் வழக்குத் தொடுத்தார்கள். நோக்கத்தை மீறவில்லை என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். 2008 டிசம்பரில் சமரசம் ஆனது. நிதி பல்கலைக்கழகத்திடமே தங்கியது. ஆனால் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்காக 4 கோடி டாலரும், அதே நோக்கத்துக்காகக் குடும்பத்தார் தொடங்கும் புதிய அமைப்புக்கு 5 கோடி டாலரும் கொடுக்க நேர்ந்தது. இரு தரப்பும் ஒரே வாசகத்தை இரண்டு விதமாகப் படித்தார்கள். கொடுத்தவர்களோ உயிரோடு இல்லை. எந்தப் பெரிய தொகையை வாங்கும்போதும் இந்த வழக்கு என் நினைவுக்கு வரும்.

எங்களிடமும் தவறு நடந்தது. ஒரு நிதியாண்டில் பல நிதிகளின் வட்டி மொத்தமாகப் பொதுக்கணக்கில் வந்து விழுந்து, அங்கிருந்து கருத்தரங்கக் கூடத்தின் கூரைப் பழுதுக்குப் போய்விட்டது. திருட்டு இல்லை, ஒரு காசு யார் பையிலும் போகவில்லை. ஏப்ரலில் கொடையாளர்களுக்கு ஆண்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: அந்த ஆசிரியையின் நிதியிலிருந்து அவ்வருடம் யாருக்கும் சாப்பாட்டுக் கட்டணம் கட்டப்படவில்லை. “பணத்தைத் திருப்பி வெச்சிடலாம், சார். கடிதம் எதுக்கு? சொன்னா நம்ம பேருதான் கெடும்” என்றார் அன்றைய பொருளாளர். அறங்காவலர்களில் மூத்தவர் ஒருவர் மட்டும், “கணக்கு நம்முடையது, பணம் அவங்களோடது. எழுதுங்க” என்றார். வட்டிக்கு வட்டி சேர்த்துத் திருப்பி வைத்தோம். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன்.

அவர் பேருந்து ஏறி நேரில் வந்தார். கோபப்படவில்லை. பணத்தைப் பற்றியே பேசவில்லை. “அந்தப் பொண்ணு அந்த வருஷம் எப்படிச் சாப்பிட்டா?” என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியாது. விசாரித்தபோது விடுதிக் காப்பாளர் தன் சம்பளத்திலிருந்து பாதி கட்டி, மீதிக்குத் தவணை வாங்கிக் கொடுத்திருந்தது தெரியவந்தது. தணிக்கையாளர் அதற்கு முன்பே எங்கள் கணக்கைச் சரியென்று கையெழுத்திட்டிருந்தார். வரவும் செலவும் ஒத்துப்போயிருந்தன. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. அன்றிலிருந்து ஆண்டுக் கடிதத்தில் அசல், வட்டி, செலவு என்ற மூன்று எண்களோடு ஒரு பத்தியும் சேர்த்தோம்: யாருக்கு, எதற்கு, எந்த மாதம் போய்ச் சேர்ந்தது. மாணவியின் பெயரை அவள் சம்மதித்தால்தான் எழுதுவோம். காசோலை மாதிரி ஒரு பெரிய அட்டையைப் பிடிக்கவைத்து ஏழைப் பிள்ளையை மேடையில் நிறுத்தும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. அதை நான் வெறுக்கிறேன். கொடையாளருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்காக அந்தப் பிள்ளையைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது.

அசலைத் தொடாமல் வரும் பலனில் அறம் நடத்துவது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று வரும். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படிக் கொடுத்த ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. ஆடு சாகும், கிழடும் ஆகும். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பது பொருள். குட்டிகள் அந்த இடத்தை நிரப்பிவிடும், விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வைப்புநிதி என்பதை எனக்கு எந்த நிதிப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்ந்தபோது, “அவ்வளவும் ஒரு பேராசிரியர் சம்பளமா?” என்று உறவினர்கள் கேட்டார்கள். ஆட்டுக் கணக்கைச் சொல்லித்தான் புரியவைத்தேன். அசல் மந்தை, இருக்கை நடப்பது நெய்யில்.

ஆனால் ரூபாய்க்கு மூப்பு உண்டு. பல்கலைக்கழகங்கள் இதை வெளியே சொல்லத் தயங்குகின்றன. 1980 வாக்கில் ஒரு சவரன் தங்கம் சுமார் ஆயிரம் ரூபாய். பத்தாயிரம் ரூபாயை வங்கியில் போட்டால் பத்து விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு ஒரு சவரன் பதக்கம் செய்துவிடலாம். அதை நம்பித் தாய் தந்தை பெயரில் தங்கப்பதக்கம் ஏற்படுத்தியவர்கள் ஏராளம். 2025இல் சவரன் 80,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதே பத்தாயிரத்துக்கு ஏழு விழுக்காட்டில் 700 ரூபாய் வரும். பதக்கம் முலாம் ஆனது எப்படி என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. சொற்பொழிவு அறக்கட்டளைகளின் கதையும் இதுதான். பேச வருபவரின் பேருந்துக் கட்டணத்துக்குக்கூட வட்டி போதாமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்திவிட்டு ஆண்டுச் சொற்பொழிவு என்று அழைப்பிதழ் அடிக்கிறோம்.

முலாம் பூசியதில் குற்றமில்லை. குடும்பத்தாரிடம் சொல்லாமல் பூசியதுதான் குற்றம். அதனால் பழைய நிதிகளின் வாரிசுகளைத் தேடிக் கடிதம் எழுதத் தொடங்கினோம். இன்று இவ்வளவுதான் வருகிறது; அசலைக் கூட்டுகிறீர்களா, பதக்கத்தைப் புத்தகப் பரிசாக மாற்றலாமா, சில ஆண்டு வட்டியை அசலோடு சேர்க்கலாமா என்று கேட்டோம். ஒருவர் தன் பங்குக்கு ஐந்து லட்சம் போட்டார். பலர் புத்தகப் பரிசுக்குச் சம்மதித்தார்கள். சிலர் பதிலே போடவில்லை. யாரும் இல்லாத நிதிகளுக்கு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்குப் போய்த் திட்டத்தை மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது. அது நீண்ட பாதை. ஆனாலும் நாமே மாற்றிக்கொள்வதைவிட அதுதான் நேர்மை.

கொடையாளருக்குச் சரி, பொதுமக்களுக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும், அரசுப் பணமா வாங்குகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. பழைய வரிமுறையில் 30 விழுக்காடு வரி கட்டும் ஒருவர் வரிக்கழிவு உள்ள அறக்கட்டளைக்கு ஒரு லட்சம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதித் தொகைக்குக் கழிவு. செஸ் நீங்கலாக அவருக்கு 15,000 ரூபாய் வரி குறைகிறது. ஆக, அந்த லட்சத்தில் 15,000 ரூபாயை ஊரார் போட்டிருக்கிறார்கள், தெரியாமலே. ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் கழிவு இல்லை என்பதும், மே 31க்குள் ஒவ்வொரு கொடையாளரின் விவரத்தையும் வருமான வரித் துறைக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த 15,000 ரூபாய்க்கான காவல். அரசிடமிருந்து கணிசமாக நிதி பெறும் தனியார் அமைப்புகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கலிபோர்னியாவில் 2010இல் ஸ்டானிஸ்லாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளை, அரசியல்வாதி சாரா பேலினைப் பேச அழைத்தது. ஒப்பந்த விவரத்தைக் கேட்டபோது கிடைக்கவில்லை. கடைசியில் அதன் சில பக்கங்களை மாணவர்கள் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்தார்கள். அடுத்த ஆண்டே அத்தகைய அறக்கட்டளைகளின் ஆவணங்களைப் பொதுவில் திறக்கும் சட்டம் அங்கே வந்தது. காட்ட வேண்டியதை நாமே காட்டிவிட்டால் யாரும் குப்பையைக் கிளற வேண்டியதில்லை. நாங்கள் தணிக்கை அறிக்கையை, ஒவ்வொரு நிதியின் அசலோடும் வட்டியோடும், பல்கலைக்கழக நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு எடுக்கிறோம் என்பதை ரசீதிலேயே அச்சிட்டோம். அதைப் பார்த்துக் கொடுக்காமல் திரும்பிப் போனவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

அந்த ஆசிரியை இப்போது இல்லை. அவர் மகள் பெயரில் இந்த ஆண்டும் ஒரு பெண்ணுக்குச் சாப்பாட்டுக் கட்டணம் போயிருக்கிறது. முழு ஆண்டுக்கும் வட்டி போதவில்லை. எத்தனை மாதத்துக்குப் போதும் என்பதை அவருடைய தம்பிக்கு எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் அப்பா பெயரிலோ பாட்டி பெயரிலோ ஏதாவது கல்லூரியில், பல்கலைக்கழகத்தில் ஓர் அறக்கட்டளை இருக்கலாம். ஒரு தபால் போடுங்கள். அசல் இன்று எவ்வளவு, போன வருடம் வட்டி எவ்வளவு வந்தது, அது யாருக்குப் போனது என்று கேளுங்கள். தயங்க வேண்டாம். அந்தக் கடிதத்துக்காகவே அங்கே ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.