திருவாதிரையும் ஒரு பழைய தப்பும்



நேற்று திருவாதிரை. களியும் ஏழுகறிக் கூட்டும் சாப்பிட்டுவிட்டு, இரவு எட்டு மணிக்குப் பேத்தியுடன் மொட்டை மாடி ஏறினேன். "தாத்தா, திருவாதிரைன்னா அது எங்க இருக்கு?" என்று கேட்டாள். அயோத்தியாப்பட்டணம் பக்கம், கிழக்கே காட்டினேன். சந்திரன் அந்த நட்சத்திரத்தின் பக்கம் வரும் நாளைத்தானே திருவாதிரை நாள் என்கிறோம். அவ்வளவு நிலா வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிந்தது.

அடையாளம் சொல்கிறேன், நீங்களும் பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம் கண்ணில் படும். அது ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை. அதற்கு இடது பக்கம் செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை. வெளிநாட்டுக்காரர்கள் பீட்டல்ஜூஸ் என்பார்கள். வலது பக்கம் நீல வெள்ளையாக மின்னுவது ரிஜெல். வேட்டைக்காரனின் தலையில் மங்கலாக நெருங்கி இருக்கும் மூன்றும் மிருகசீரிடம். ஆக, ஒரே கூட்டத்தில் நம் ஜாதக நட்சத்திரம் இரண்டு இருக்கிறது.

பார்வைக்கு எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் தோளில் உள்ள பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டு தூரம். திருவாதிரை 500-க்கும் மேல். ரிஜெல் சுமார் 860. கச்சையின் நடு நட்சத்திரம் ஆயிரத்தையும் தாண்டும்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

1988 என்று நினைவு. அறிவியல் ஆசிரியர் லீவு. தமிழாசிரியனான நான் அந்தப் பீரியடுக்குப் போனேன். நட்சத்திரப் பாடம். "திருவாதிரை சிவப்பு. நெருப்பு மாதிரி. அதனால் அதுதான் ரொம்பச் சூடு" என்று அடித்துவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா கொல்லுப் பட்டறை வைத்திருந்தார். "இல்லீங்க சார். இரும்பு மொதல்ல செவக்கும். இன்னும் காஞ்சா மஞ்சளாகும். அதுக்கும் மேல காஞ்சாத்தான் வெள்ளையாகும். செவப்புன்னா சூடு கம்மி சார்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம். "எதிர்த்துப் பேசறியா?" என்று பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன். மணி அடிக்கும் வரை நின்றான்.

அதை மறந்தே போனேன். 2019 கடைசியில் திருவாதிரை திடீரென்று மங்கியது. வெடிக்கப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரே பரபரப்பு. சொந்தக்காரர்கள் என்னைக் கேட்க, பதில் சொல்வதற்காகப் படிக்க உட்கார்ந்தேன். நட்சத்திரம் வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் முகத்தை மறைத்திருக்கிறது. அவ்வளவுதான். 2020 பிப்ரவரிக்குப் பிறகு பழையபடி பிரகாசமானது. ஒரு நாள் அது வெடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு இன்னும் பல்லாயிரம் ஆண்டு ஆகலாம் என்கிறார்கள்.

அதே பக்கத்தில்தான் இதையும் படித்தேன். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். ரிஜெல் ஏறக்குறைய 12,000. திருவாதிரையோ 3,300 தான். சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும் அளவு பெரிய உடம்பு. அதனால்தான் சூடு குறைவாக இருந்தும் இவ்வளவு பிரகாசம். படித்ததும் அந்தப் பையன் பெஞ்சு மேல் நிற்பது கண்ணில் வந்தது.

நட்சத்திர ஒளியை வைத்து அதன் வெப்பத்தைக் கணிக்க 1920-இல் வழி சொன்னவர் நம் மேகநாத் சாகா. டாக்கா பக்கத்துக் கிராமத்தில் ஒரு சின்ன மளிகைக்கடைக்காரரின் மகன். பட்டறை வீட்டுப் பிள்ளை சொன்னதை நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

தம்பி, நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னுடையது. அன்று வகுப்பு முன்னால் உன்னை நிறுத்தினேன். அதனால்தான் இதையும் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

அந்த வகுப்பில் படித்தவர்கள் யாருக்காவது அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால், இதை அவனிடம் காட்டுங்கள்.