மண்ணுக்குள் வேகும் மணி

இத்தாலியின் சார்டீனியா தீவில், நுவோரோ நகரத்தில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் இருக்கைக்காரர் மடியில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தார். மலைப்பாதை வளையும்போதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். கீறல் விழுந்த பானையைத் தட்டினால் வருமே, அது மாதிரி. பஸ்ஸில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மணி செய்கிற ஊரைத் தேடிப் போகிறவனுக்கு வழியில் கேட்ட முதல் சத்தம் இப்படியா என்று எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

சார்டீனியா தீவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் கடற்கரைக்காகத்தான் வருகிறார்கள். தீவின் நடுவே இருக்கிற மலைநாட்டுக்குப் பார்பாஜா என்று பெயர். தங்களுக்கு அடங்காத சனங்களின் பூமி என்ற பொருளில் ரோமானியர்கள் 'பார்பாரியா' என்றார்கள். வசவாக வந்த பெயரை இங்கே உள்ளவர்கள் பட்டம் மாதிரி சூடிக்கொண்டிருக்கிறார்கள். தீவின் உச்சியான புந்தா லா மார்மொரா (1,834 மீட்டர்) இந்தப் பக்கத்து ஜெனார்ஜெந்து மலையில்தான் இருக்கிறது. அந்த மலைக்கு மேற்கே, செஸ்ட்நட் காட்டுக்கு நடுவில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் தொனாரா. மொத்தமே 2,000 பேர் அளவில்தான் ஊர்.

ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் 1921 ஜனவரியில் மனைவியோடு இந்த வட்டாரத்துக்கு வந்தார். சின்ன ரயிலில் சொர்கொனோ வரைக்கும் வந்து, அங்கே தங்கிய விடுதியின் அழுக்கைப் பார்த்துக் கொதித்துப்போய் எழுதிய பக்கங்களை இன்றைக்குப் படித்தாலும் சிரிப்பு வரும். பிறகு பஸ் பிடித்து நுவோரோ போய்விட்டார். நான் அவருக்கு எதிர்த்திசையில் வந்தேன். எனக்குக் கிடைத்த அறை சுத்தமாகவே இருந்தது.

தொனாரா இரண்டு பொருள்களுக்குப் பேர்போன ஊர். ஒன்று தொர்ரோனே. தேனையும் முட்டை வெள்ளைக்கருவையும் செம்பு அண்டாவில் மணிக்கணக்காகக் கிண்டி, கொட்டைப் பருப்புகளைக் கொட்டிச் செய்கிற மிட்டாய். சர்க்கரை சேர்ப்பதில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் அதற்கென்றே விழா எடுக்கிறார்கள். இன்னொன்று ஆட்டு மணி. இத்தாலிய மொழியில் கம்பனாச்சி, ஊர் மொழியில் சொனாஸோஸ். ஒரு காலத்தில் தொனாரா ஆண்கள் இந்த இரண்டையும், மரக்கரண்டி மரப்பெட்டிகளோடு சேர்த்து, குதிரைமேல் ஏற்றிக்கொண்டு தீவு முழுக்கத் திருவிழா திருவிழாவாகப் போய் விற்றார்கள். மிட்டாய் விற்ற வீடுகள் இன்று கண்ணாடிக் கதவு போட்ட கடைகளாகிவிட்டன. மணிப்பட்டறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் போன பட்டறை தெருவைவிட இரண்டு படி தாழ்ந்த ஓர் அறை. தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகள்தான் எனக்குப் பேச்சுத்துணை. பட்டறைக்காரருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். அவள் அவரை 'ட்ஸீயு' என்று கூப்பிட்டாள். சொந்தமா என்று கேட்டேன். இல்லையாம். நம் ஊரில் தெருவில் போகும் பெரியவரை மாமா என்பதுபோல, இங்கே வயதில் மூத்த ஆண்கள் எல்லாருமே ட்ஸீயுதான். நானும் அப்படியே கூப்பிட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டு, முக்காலியை என் பக்கம் காலால் தள்ளினார்.

கோயில் மணியைப் போல உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிற வேலை இல்லை இது. இரும்புத் தகட்டில் தொடங்குகிறது. தகட்டைக் கத்தரியால் வெட்டுகிறார். பல அளவில் குழி பறித்த ஒரு கல். எந்தக் குழியில் வைத்து அடிக்கிறாரோ அதுதான் மணியின் வயிறு. உலையில் காய்ச்சாமல், பச்சைத் தகடாகவே அடிக்கிறார். இரண்டு பக்கமும் உப்பியதும் தகட்டை நடுவில் மடித்து, ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி இறுக்குகிறார். உச்சியில் தோல்வார் கோக்க ஒரு வளையம். இந்த நிலையில் அதைக் கையில் கொடுத்தார். தட்டிப் பார்த்தேன். டொக். பஸ்ஸில் கேட்ட அதே சத்தம்.

ஓரங்கள் ஒட்டியிருக்கின்றன, ஆனால் ஓருடம்பு ஆகவில்லை. மடிப்பில் மயிரிழை இடைவெளி இருந்தால்கூட அதிர்வு அங்கேயே செத்துவிடும். மணியைப் பேச வைப்பது இதற்கு அடுத்த வேலைதான்.

மணியின் உள்ளும் புறமும் பித்தளைத் துண்டுகளை வைக்கிறார். எத்தனை துண்டு என்பதற்குத் தராசு இல்லை, உள்ளங்கைதான் கணக்கு. பிறகு வைக்கோல் கலந்து பிசைந்த களிமண்ணால் மணியை முழுக்க மூடுகிறார், உள்ளேயும் மண் அடைத்து. பார்த்தால் பெரிய உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. இந்தப் பொதி உலைக்குள் போகிறது. இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். பித்தளைக்கு 900 சொச்சமே போதும். அந்த இடைவெளியில்தான் இந்தத் தொழிலே உட்கார்ந்திருக்கிறது. இரும்பு சிவந்து நிற்க, பித்தளை மட்டும் தண்ணீராகி, மண்ணுக்கும் இரும்புக்கும் நடுவே ஓடி, மடிப்புச் சந்தில் எல்லாம் இறங்குகிறது. மண் காற்றை அண்டவிடாமல் காக்கிறது. வைக்கோல் கருகி, உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்சப் பிராணவாயுவையும் தின்றுவிடுகிறது. இல்லையென்றால் இரும்பில் செதில் படிந்து, பித்தளை ஒட்டவே ஒட்டாது.

இதையெல்லாம் நான் பள்ளி ரசாயனத்தை வைத்துச் சொல்கிறேன். ட்ஸீயு சொன்னது வேறு: பொதியின் வெடிப்பிலிருந்து வெள்ளைப் புகை வர ஆரம்பித்தால் உள்ளே 'அழுகிறது' என்று அர்த்தம், எடுத்துவிட வேண்டும். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் ஆவியாகிற புகை அது. இன்னும் விட்டால் நிறம் மங்கும், பூச்சு பொடியும். அவர் வாயில் ரசாயனம் இல்லை, ஆனால் ஒரு நொடிகூடப் பிந்தவில்லை. நீள இடுக்கியால் பொதியை வெளியே இழுத்து, தரையில் போட்டு, அப்படியும் இப்படியும் உருட்டினார். உருட்டாவிட்டால் பித்தளை ஒரு பக்கமே தேங்கிவிடும். ஆறிய பிறகு சுத்தியலால் ஒரு தட்டு. சுட்ட மண் ஓடாக உடைந்து விழ, உள்ளே மஞ்சளாக மணி. மண் வாசனையும் கருகின வைக்கோல் வாசனையும் என் ஸ்வெட்டரில் ஊருக்குத் திரும்பும் வரை இருந்தன.

போர்ச்சுகலில் அல்காசோவாஸ் என்ற ஊரிலும் ஏறக்குறைய இதே முறைதான். அதை யுனெஸ்கோ 2015-இல், உடனே காப்பாற்றியாக வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதைச் சொன்னபோது ட்ஸீயு தோளைக் குலுக்கினார். அவருக்கு அடுத்த பொதி உலையில் இருந்தது.

அப்போதுதான் அட்டைப்பெட்டிக்காரர் உள்ளே வந்தார். இடையன். வண்டி ரிப்பேரில் இருப்பதால் பஸ்ஸில் வந்தாராம். பெட்டியிலிருந்து விரிசல் விட்ட பழைய மணியை எடுத்து வைத்தார். அது அவருடைய மந்தையின் முன்னோடி ஆட்டின் மணி. பிறகு கைபேசியை எடுத்து ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். மேய்கிற மந்தையின் சத்தம். எனக்கு எல்லாம் கலந்த கலகலப்பு. அவர்கள் இருவருக்கும் அது பேச்சு. நடுவில் ஒரு குரல் குறைகிறது, அந்த இடத்தை நிரப்ப வேண்டும், இதுதான் கோரிக்கை.

மந்தைக்கு மணி கட்டுவது அழகுக்காக என்று நினைத்திருந்தேன். எல்லா ஆட்டுக்கும் கட்டுவதில்லை. கட்டுகிற மணிகள் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். மூடுபனியில் கண் தெரியாத நேரத்தில், ஆடுகள் நின்று மேய்கின்றனவா, நடக்கின்றனவா, நாயைக் கண்டு மிரண்டனவா என்பதை இடையன் படுத்த இடத்திலிருந்தே காதால் படிக்கிறான். இரவில் சத்தமே இல்லையென்றால் அசைபோட்டுப் படுத்திருக்கின்றன. அல்லது திருடன் மணிக்குள் புல்லை அடைத்துவிட்டான்.

இதைச் சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. ஆட்டுத் திருட்டு பார்பாஜாவின் பழைய விவகாரம். நுவோரோ மாவட்டத்தைச் சேர்ந்த சட்ட அறிஞர் அந்தோனியோ பில்யாரு 1959-இல் எழுதிய நூல், இந்த மலைச் சமூகத்தின் எழுதாத சட்டத்தைப் பற்றியது. ஆட்டைத் திருடுவது அந்தச் சட்டப்படி தன்னளவில் அவமானப்படுத்துகிற செயல் அல்ல. ஆனால் வீட்டுப் பாலுக்காக வைத்திருக்கும் வெள்ளாட்டைத் தொட்டால் கதை வேறு. அரசாங்கச் சட்டப் புத்தகம் எதிலும் இவ்வளவு நுட்பமான பாகுபாட்டை நான் பார்த்ததில்லை.

இடையர்களை மட்டும் நம்பினால் பட்டறை ஓடாது. 2019 பிப்ரவரியில் சார்டீனிய இடையர்கள் பாலை நடுரோட்டில் கொட்டியது செய்திகளில் வந்தது. லிட்டருக்கு அறுபது சென்ட் அளவுக்கு விலை இறங்கியிருந்தது. பால் விலை விழுந்தால் முதலில் தள்ளிப்போடப்படுவது மணிதான். பட்டறைக்கு இப்போது கைகொடுப்பது முகமூடி ஆட்டம். பக்கத்து மமொயாதா ஊரில், ஜனவரி 17 அன்று புனித அந்தோணியார் விழாவில் தொடங்கி, மமுத்தோனெஸ் என்ற முகமூடிக்காரர்கள் வெளியே வருவார்கள். கறுப்பு மரமுகமூடி, கறுப்பு ஆட்டுத்தோல், முதுகில் ஏறக்குறைய முப்பது கிலோ மணிக்கொத்து. பன்னிரண்டு பேர் ஒரே தாளத்தில் தோளை உதறி நடப்பார்கள். ஒத்தானாவிலும் வேறு பல ஊர்களிலும் இப்படி மணி கட்டி ஆடும் குழுக்கள் இருக்கின்றன. அவ்ஸ்திஸ் ஊர்க்காரர்களோ முதுகில் மணிக்குப் பதில் விலங்கு எலும்புகளைக் கட்டுகிறார்கள். அந்த ஊரால் தனக்குச் சல்லிக்காசு வியாபாரம் இல்லை என்று ட்ஸீயு குறைபட்டுக்கொண்டார்.

நானும் ஒரு மணி கேட்டேன். எந்த ஆட்டுக்கு என்றார். வீட்டு அலமாரியில் வைக்க என்றேன். சட்டென்று வேறு தட்டுக்குக் கை போனது. அங்கே இருந்தவையும் அழகான மணிகள்தான், பளபளப்பு கொஞ்சம் கூடுதல். அலமாரிக்கு எந்தச் சத்தமும் பொருந்தும் என்றார். ஏளனமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. எங்களைப் போன்றவர்கள் வாங்குவதால்தான் உலை எரிகிறது என்பதும் உண்மை. அதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இடையனுக்கான மணியை எடுத்தபோது ட்ஸீயு உட்கார்ந்த விதமே மாறியது. காதருகே ஆட்டினார். வாய் விளிம்பில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி ஆட்டல். கைபேசிப் பதிவு. விளிம்பை இம்மி உள்ளே வளைத்தால் குரல் ஒரு மாதிரி, வயிற்றில் தட்டினால் வேறு மாதிரி. ஸ்வரக்கருவி எதுவும் இல்லை. எனக்கு ஐந்தாவது தட்டுக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது. பேச்சுத்துணைப் பெண்ணும் உதட்டைப் பிதுக்கினாள். பதினொன்றோ பன்னிரண்டோ தட்டுக்குப் பின் இடையன் தலையசைத்தார். பணம் கைமாறியது.

ஒன்றேகாலுக்குப் பஸ். இடையனும் நானும் சேர்ந்தே நிறுத்தம் வரை நடந்தோம். அவர் பெட்டியை மார்போடு அணைத்திருந்தார். டிரைவர் சிகரெட்டை மிதித்து அணைக்கும்போது இவர் பெட்டியைத் திறந்து மணியை எடுத்து, திறந்தவெளியில், பள்ளத்தாக்கைப் பார்த்து ஒருமுறை ஆட்டினார். என் காதுக்குக் கணீரென்று இருந்தது. அவர் முகம் சுளித்தார். டிரைவரிடம் என்னவோ சொல்லிவிட்டுப் பட்டறைச் சரிவை நோக்கித் திரும்பி நடந்தார். டிரைவர் இரண்டு நிமிடம் காத்திருந்தார், ஒருமுறை ஹாரன் அடித்தார், வண்டியை எடுத்துவிட்டார். நுவோரோ வரைக்கும் என் முன் இருக்கை காலியாகவே வந்தது.