கருப்பட்டியும் அணுவின் சான்றும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கீழ்த்திசை எல்லையில் அமைந்துள்ள ஊர் அஞ்சுகிராமம். நாஞ்சில் நாட்டின் நெல்வயல்களைக் கண்டு வருவோர், இப்பக்கம் வந்ததும் வறண்ட நிலத்தையும் உயர்ந்த பனைகளையும் காண்பர். மழை குறைந்த காலத்தும் மக்களைக் கைவிடாத மரம் பனை. அது தரும் பதநீரை இவ்வட்டாரத்தார் ‘அக்கானி’ என வழங்குவர்.

அக்கானி எளிதில் கிட்டுவதன்று. பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவ வேண்டும். சாறு புளிக்காதிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். இறக்கிய அக்கானியை வீட்டுப் பெண்டிர் அடுப்பனலில் நின்று பல மணி நேரம் காய்ச்சுவர். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவர். அதுவே கருப்பட்டி. கால் இடறினால் உயிருக்கே ஊறு நேரும் தொழிலின் பயன் அது.

இத்துணை உழைப்பை விரும்பாத சிலர், மலிவான கரும்புச் சர்க்கரையைப் பாகில் கலந்து, கருப்பட்டி என்றே பெயரிட்டு விற்கின்றனர். வாங்குவோர் ஏமாறுகின்றனர், அதனினும் கொடிது, உண்மைக் கருப்பட்டி விலைபோகாமல் பனையேறி தொழிலைக் கைவிட நேர்வது. நிறத்தாலும் சுவையாலும் கலப்பைத் துணிந்து கூறல் அரிது. வேதியியல் முறையில் ஆராயினும் இடர்ப்பாடு உண்டு. பனையின் இனிப்பும் கரும்பின் இனிப்பும் பெரும்பாலும் சுக்ரோஸ் என்னும் ஒரே பொருள் அன்றோ?

ஆயினும் இயற்கை இவ்விரண்டிலும் வெவ்வேறு அடையாளம் இட்டுள்ளது. கார்பன் அணுக்கள் யாவும் ஒரே எடையுடையன அல்ல. நூற்றில் ஏறத்தாழ 99 அணுக்களின் நிறையெண் 12; எஞ்சிய ஒன்றின் நிறையெண் 13. இவ்வாறு ஒரே தனிமத்தைச் சார்ந்து எடையால் வேறுபடும் அணுக்களுக்கு ‘ஐசோடோப்பு’ என்னும் பெயரை 1913ஆம் ஆண்டில் பிரடெரிக் சாடி என்னும் ஆங்கில அறிஞர் வழங்கினார்.

செடிகளும் மரங்களும் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்கும்போது கனத்த அணுவை ஓரளவு ஒதுக்குகின்றன. பனை, நெல், திராட்சை போன்றவை மிகுதியாக ஒதுக்கும். கரும்பும் மக்காச்சோளமும் குறைவாகவே ஒதுக்கும். கரும்பு வாயுவை ஏற்கும் முறையே வேறு என்பதை ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், சிலாக் என்னும் இருவர் 1966ஆம் ஆண்டில் விளக்கினர்.

ஆகவே, சிறு துண்டை எரித்து, எழும் வாயுவை நிறை நிறமாலைமானி என்னும் கருவியில் செலுத்தினால் உண்மை புலப்படும். உலகம் ஏற்ற அளவுகோலைவிடக் கனத்த அணு ஆயிரத்துக்கு எத்துணைப் பங்கு குறைந்துள்ளது என்பதைக் கருவி காட்டும். கரும்புக்கு அது ஏறத்தாழ 11. பனை வகைக்கு ஏறத்தாழ 27. சரிபாதி கலந்த பண்டம் இரண்டுக்கும் நடுவே 19இல் நிற்கும்.

இம்முறை தேனுக்கும் பயன்படுகிறது. தேனில் கரும்பு வகைச் சர்க்கரை நூற்றுக்கு 7 பங்கை மிஞ்சலாகாது என இந்திய உணவுப் பாதுகாப்பு விதி வரையறுத்துள்ளது. கள் முதலியவை மேலும் புளித்து உண்டாகும் வினிகரிலும், ஆலையில் செய்த அசெட்டிக் அமிலத்தை நீரில் கரைத்த வினிகரிலும் இத்தகைய வேற்றுமை உண்டு. அங்கே கார்பனோடு ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களும் சான்று கூறும். திராட்சை வினிகரை இவ்வாறு ஆராயும் முறைகளை ஐரோப்பிய நாடுகள் 2013ஆம் ஆண்டில் வகுத்தன.

எனினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. அரிசியும் பீட்கிழங்கும் பனையின் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பாகைக் கலந்தால் கார்பன் சோதனை மட்டும் போதாது. மேலும், சந்தையில் விற்கும் ஒவ்வொரு கட்டியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புதல் இயலாது. ஆதலின் மலிவை மட்டும் கருதாது, உழைப்பின் அருமை அறிந்து உரிய விலை கொடுத்தல் வாங்குவோர் கடமையாகும். அங்ஙனம் கொடுப்பின் பனை நிலைக்கும். அதனை நம்பிய குடும்பமும் நிலைக்கும்.